சாமி இல்லாத கோயிலில் செருப்பு

சனிக்கிழமை விடியுமுன் பெங்களூரிலிருந்து கிளம்பும் கார்களில் சில, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் ஓடி ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலுள்ள கண்டிகோட்டாவில் போய் நிற்கின்றன. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு, அதன் விளிம்பில் கோட்டை, உள்ளே மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி. கோயில்கள் இரண்டிலும் பூசை இல்லை. பெங்களூரின் அல்சூர் சோமேஸ்வரர் சன்னதியில் தானாகச் செருப்பைக் கழற்றும் கால்கள், இங்கே அதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை.

சாமி போனால் புனிதமும் போய்விடுமா?

போய்விடும் என்பதற்கு ஆகமத்திலேயே ஆதாரம் இருப்பதுபோலத் தோன்றும். திருப்பணிக்கு முன்பு மூலவரின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் வைக்கிறார்கள். குடமுழுக்கு நடக்கும்வரை பழைய சன்னதியில் வழிபாடு கிடையாது. ஆனால் அதே மரபு, இனி வழிபாட்டுக்கு ஆகாது என்று சிதைந்த திருமேனியைக் கண்ட இடத்தில் போட்டுவிடுவதில்லை. முறைப்படி நீர்நிலையில் சேர்க்கிறது. சக்தி நீங்கிய கல்லுக்கும் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

1652-இல் கண்டிகோட்டாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். கோட்டையைப் பிடித்த கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லா, பீரங்கி வார்க்கக் கோயில்களின் செப்புச் சிலைகளைத் திரட்டினாராம். இந்த ஊர்க் கோயிலின் ஆறு சிலைகளை மட்டும் வார்ப்பவரால் உருக்க முடியவில்லையாம். அது அற்புதமா, உலையின் குறையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலோகமாக மட்டுமே பார்க்கப்பட்ட ஒன்று, வேறொருவருக்குத் தெய்வமாக இருந்தது. காலிக் கருவறையை வெறும் கட்டடமாகப் பார்ப்பவரும் அந்தத் தளபதியின் கண்ணால்தான் பார்க்கிறார்.

இதற்கு நேர்மாறான பார்வையும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ மக்களின் நிலத்தில், கேன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 1931 முதல் தேசிய நினைவுச் சின்னம். செம்பாறைக் குடைவுகளில் நிற்கும் இடிந்த வீடுகளை நவஹோக்கள் கட்டவில்லை, அவர்களுக்கு முன் வாழ்ந்த பூர்வ புவெப்லோ மக்கள் கட்டினார்கள். ஆயினும் மாண்டவர்களின் இடம் என்று கருதி, அவற்றுக்குள் நுழையாமல் விலகியிருப்பது நவஹோ மரபு. 1864-இல் ராணுவம் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அவர்களைத் துரத்தியது. 1868 உடன்படிக்கைக்குப் பின் திரும்பி வந்தார்கள். இன்றும் உள்ளே விவசாயம் செய்யும் குடும்பங்கள் உண்டு. பொதுவாக, நவஹோ வழிகாட்டி இல்லாமல் அயலார் கீழே இறங்க முடியாது.

தாம் கட்டாத வீடுகளுக்கு, மாண்டவர்களின் இடம் என்பதற்காகவே இவ்வளவு மரியாதை. அப்படியானால் மரியாதை பக்தியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, சொந்தத்திலிருந்தும் பிறப்பதில்லை. பிறர் வாழ்ந்து, வேண்டி, மாண்ட இடத்தில் நிற்கிறோம் என்ற அறிவே அதற்குப் போதும். கடவுளை நம்பாத பயணியையும் அந்த அறிவு கட்டுப்படுத்தும்.

கண்டிகோட்டாக் கோட்டைக்குள்ளும் ஒரு சிற்றூர் உயிரோடு இருக்கிறது. பெங்களூர்ப் பயணிகள் அவ்வூர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு, எங்கே ஏறலாம், எங்கே ஏறக் கூடாது, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேட்டு நடக்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.