வேராகும் ஊழியன்

 

வித்தைப் பிளந்து செடியை வெளிக்கொணரும் இறைவனின் குத்ரத்தைச் சிந்திக்கும்படி திருக்குர்ஆன் (6:95) நம்மைத் தூண்டுகிறது. வித்து பிளந்ததும் முதலில் வெளிப்படுவது வேர். ஆனால் அந்த வேருக்கு அஸ்திவாரம், விதைக்குள் கருவாக இருக்கும்போதே இடப்பட்டுவிடுகிறது. அது இடப்படும் விதத்தில் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு படிப்பினை உண்டு.

கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் விஞ்ஞானிகள் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கரு முதலில் ஒரே ஓர் உயிரணு. அது இரண்டாகப் பிரிகிறது. மேலே உள்ளது சிறியது; இலை, தண்டு முதலான பெரும்பகுதி அதிலிருந்தே உண்டாகிறது. கீழே உள்ளது நீண்டது. அது ஏழெட்டு உயிரணுக்கள் கொண்ட ஓர் இழையாகிறது. கருவைத் தாங்குவதும், அதற்கு உணவு சேர உதவுவதுமே அந்த இழையின் ஊழியம். ஊழியம் முடிந்ததும் இழை அழிந்துவிடும். ஆனால் அதன் உச்சியிலுள்ள ஓர் உயிரணு மட்டும் கருவோடு சேர்க்கப்பட்டு, வேர்முனையின் மையத்துக்கே மூலமாகிறது! அந்த மையத்திலுள்ளவை அரிதாகவே பிரிகின்றன. அவை அடக்கமாக வீற்றிருப்பதால்தான் சுற்றியுள்ளவை ஓயாமல் பெருகி வேரை வளர்க்கின்றன.

ஊழியன் தானாக வேராகிவிடுவதில்லை. மேலே உள்ளவை ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைக் கீழே அனுப்ப வேண்டும். இதற்குத் துணை நிற்கும் மோனோப்டெரோஸ் என்ற மரபணு பழுதானால் நேர்வதை 1993ல் வெளியான ஆராய்ச்சி விவரித்தது: மேலே இலை முளைக்கும், கீழே வேர் இராது.

வர்த்தகப் பெருமக்களே! மூட்டை தூக்கும் பையன், சமையற்காரர், இரவில் கடைக்குக் காவலிருப்பவர் ஆகியோரை நாம் வெளியாட்கள் என்றே எண்ணுகிறோம். மாதம் பிறந்து பத்து நாளாகியும், "வசூல் வரட்டும், பார்க்கலாம்" என்கிறோம். அதே வாரம் புதுப் பெயர்ப்பலகை மாட்ட மட்டும் கல்லாவில் பணம் இருக்கிறது. மேலே இலை சரி. கீழே வேர் எங்கே?

பணியாட்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும் என்றும் கற்பித்தார்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நம் முன்னோரில் எத்தனையோ பேர் கடைப்பையனாகக் கப்பலேறி வந்து முதலாளியானவர்கள். மேலே இருந்த ஒருவர் மனமுவந்து கொடுத்ததால் வேரூன்றியவர்கள் அவர்கள்.

ஆகவே இன்றிரவு பேரேட்டைப் புரட்டுங்கள். கூலி பாக்கி இருந்தால், வரும் ஜும்ஆவுக்கு முன் கையில் கொடுத்து, முகம் பார்த்து ஸலாம் சொல்லுங்கள். அல்லாஹுத்தஆலா நம் வியாபாரத்துக்கு வேரையும் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.