வலிக்காத மண்

யூட்டாவின் மோவாப் பாலைவனத்தில், புதிதாக வெட்டிய பாதைகளில் நாள் முழுக்க மவுண்டன் பைக் ஓட்டினோம். பாதையோரம் கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடப்பது வெறும் மண் இல்லை. சயனோபாக்டீரியாவும் லைக்கனும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கும் உயிர்த்தோல். டயர் ஏறி நொறுங்கினால் தேறப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

"அதுக்கு வலிக்கவா போகுது?" என்றான் நண்பன், போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கப் போனவன். வலிக்காதுதான். ஆனால் வலி மட்டுமே அளவுகோல் என்றால் ஆறும் மலையும்கூடக் கணக்கில் வராதே!

இந்தப் பாதையையே அதன்மேல்தானே வெட்டினார்கள்? ஆமாம். ஒற்றையடி அகலத்தைப் பலி கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு. அந்தப் பலியில் சுகமாக ஓட்டிவிட்டு, அதற்கு வெளியேயும் கால் வைப்பது என்ன நியாயம்?

முறைத்துவிட்டு, வெறும் பாறைமேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.