விலையின்றி உண்ட மீன்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் விலைவாசியில் வந்து நிற்கும். அவர்களுள் எழுபது வயதைக் கடந்த ஒருவரும் இருந்துவிட்டால், அது அங்கிருந்து 1960களின் பிற்பகுதிக்குப் போய்விடும். சதுரமான ஐந்து சதமும் ஓரம் நெளிந்த பத்துச் சதமும் மீண்டும் கைக்கு வரும். சதக் கணக்கில் தேநீர், சதக் கணக்கில் பாண், சில்லறையோடு போய்க் கலரியில் இருந்து பார்த்த படம் என்று பட்டியல் நீளும். கடைசியில், "அது காலம்!" என்ற ஒரு பெருமூச்சோடு கூட்டம் கலையும்.

இந்தப் பெருமூச்சு நியாயமானதா? வேடிக்கைக்காக அல்ல, ஓர் ஒழுக்கக் கேள்வியாகவே இதைக் கேட்கிறோம். கேட்கத் தூண்டியவள் ஒரு சிறுமி.

கரையோரப் பங்கு ஒன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தபோது காதில் விழுந்த உரையாடல் இது. முன்னாளில் கூடை சுமந்து மீன் விற்ற மூதாட்டி ஒருவர் தம் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் காலத்திலை மீன் என்ன மலிவு, மோனை! சனம் கையிலை கிடக்கிற சில்லறையைத் தந்திட்டு உமல் நிறையக் கொண்டு போகும்."

பேத்தி கேட்டாள்: "அப்ப மீன் பிடிச்ச அப்பப்பாவுக்கு என்ன கிடைச்சது, அப்பம்மா?"

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவருக்கோ? வள்ளமும் சம்மாட்டியின்ரை, வலையும் சம்மாட்டியின்ரை. பங்கு பிரிச்சுக் கடனுக்குக் கழிச்ச மிச்சம் கிடைச்சது. சில நாளிலை அதுவுமில்லை. மாரிக்கு முன்னம் ஓலை மாத்திறதுக்கும் அவரிட்டைத்தான் திரும்பக் கடன்."

மலிவு என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அந்தச் சிறுமி ஒரே கேள்வியில் காட்டிவிட்டாள். வாங்குகிறவன் தன் பக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறான்.

விவிலியத்திலும் இப்படி ஒரு மீன் கதை உண்டு. பாலைவனத்தில் மன்னாவை உண்டு சலித்துப்போன இஸ்ராயேல் மக்கள், எகிப்தில் தாங்கள் உண்டவற்றை நினைத்து அழுததாக எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. வெள்ளரிக்காய், கொம்மட்டிப்பழம், வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஏங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் முதலில் வருவது மீன். அதுவும் விலையின்றிக் கிடைத்த மீன்!

எகிப்தில் அவர்கள் யார்? செங்கல் அறுத்த அடிமைகள். அந்த மீன் எந்த ஆற்று மீன்? நைல் நதி மீன். அவர்களுடைய ஆண் குழந்தைகளை எறிந்துவிடும்படி பார்வோன் கட்டளையிட்டதும் அதே நதியிலேதான். மீனுக்குக் காசு கொடுக்கவில்லை என்பது அவர்கள் நினைவில் நின்றது. காசுக்குப் பதிலாக எதைக் கொடுத்தார்கள் என்பது மறந்துபோயிற்று. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதற்கில்லை. பாதி உண்மையைச் சொன்னார்கள்.

நம்முடைய 1960களுக்கும் இந்த மீன் பொருந்தும்.

சங்கக்கடைக் கூப்பன் அரிசியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து, கொத்து 25 சதம் என்று அரிசி கிடைத்து வந்தது. உலகச் சந்தையில் அரிசி அரிதாகியபோது, 1966 டிசெம்பரில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் அதை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒரு கொத்தை இலவசமாக்கிற்று. "அரிசி சும்மா கிடைத்த காலம்" என்று இன்று சொல்லுகிறோம். அன்று தாய்மார் பேசியதோ கிடைக்காமற்போன மற்றக் கொத்தைப் பற்றி. அதை வெளிச்சந்தையில் கூடிய விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வாங்க முடியாத வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் ஒடியற்கூழும் பசியாற்றின. மறு ஆண்டு, 1967 நவம்பரில், ரூபாயின் மதிப்பு நூற்றுக்கு இருபது வீதம் குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 சதமாக இருந்த அமெரிக்க டொலர் 5 ரூபாய் 95 சதமாயிற்று. விலைவாசியைப் பற்றிய முறைப்பாடு அன்றும் கோவில் முற்றத்தில் இருந்தே இருக்கும். அன்றைய எழுபது வயதுக்காரர் யுத்தத்துக்கு முந்திய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டிருப்பார். முன்னைய நாள்கள் இந்நாள்களைவிட நல்லவையாய் இருந்ததேன் என்று கேட்பது ஞானத்தால் எழும் கேள்வியன்று எனச் சபை உரையாளர் எச்சரிப்பதும் இதனாலேதான்.

அடுத்தது சதக் கணக்கில் குடித்த தேநீர். அது மலிவாய் இருந்தது மெய். ஆனால் குடாநாட்டின் பல தேநீர்க் கடைகளில் எல்லோரும் உள்ளே இருந்து அதைக் குடிக்க முடியவில்லை. சாதி குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு வெளியே நிறுத்தித் தகரப் பேணியிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். இதைத் தடுக்க 1957இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தும், 1966க்குப் பின் தேநீர்க் கடைகளின் உள்ளே நுழைவதற்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலய வாசலில் மக்கள் காத்து நின்றார்கள். பிறர் வீட்டுக் குறையைச் சொல்லி நாம் தப்பிக்கொள்ள வேண்டாம். சகோதரரே என்று பிரசங்கம் கேட்ட நம் கோவில்கள் சிலவற்றிலும் இன்னார் இன்ன பக்கம் என்ற வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். ஒரே திருப்பந்தியில் நற்கருணை உட்கொண்டு, வெளியே வந்து வேறு வேறு பேணியில் தேநீர் குடித்தோம். அந்தத் தேநீரின் உண்மையான விலையைச் சதத்தில் எப்படிச் சொல்வது?

அந்தத் தேயிலையைக் கொய்த கைகளும் உண்டு. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. தலைமுறைகளாக உழைத்த மண்ணை விட்டு, பெட்டியும் பிள்ளைகளுமாக அவர்கள் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறிய காட்சியை மன்னார்ப் பகுதி வாசகர்கள் பிந்திய ஆண்டுகளிலும் கண்டிருப்பீர்கள். நமது மலிவான தேநீருக்கு அவர்களும் விலை கொடுத்தவர்களே.

இவ்வாறு சொல்வதால், அந்தக் காலத்தை நினைப்பதே பாவம் என்று எண்ண வேண்டாம். நன்றியோடு நினைக்க வேண்டியவை நிறைய உண்டு. ஆனால் அவற்றை எண்ணிப் பார்த்தால் ஒரு புதுமை தெரியும். அவை மலிவானவை அல்ல.

ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு விடுமுறை நாளன்று. போயா தினமே வார விடுமுறை. பள்ளிக்கூடமும் கந்தோரும் ஞாயிறன்று நடந்தன. விடியற்காலைத் திருப்பலி கண்டு, வீட்டுக்கு ஓடி, அவசரமாய் உண்டு, வேலைக்குச் சென்ற பெற்றோர் அன்று எத்தனை பேர்! ஆண்டவரின் நாள் அவர்களுக்கு உறக்கத்தையும் ஓய்வையும் விலையாகக் கேட்டது. அவர்கள் கொடுத்தார்கள். இன்று ஞாயிறு விடுமுறை. ஆயினும் தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மறைக்கல்விக்கு நேரமில்லை என்கிறோம்.

பொழுதுபோக்கும் அப்படியே. தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தது 1979இல். அதற்கு முன் ஒரு வீட்டு வானொலிக்கு அயலெல்லாம் காது கொடுத்தது. எங்கள் நேரப்படி 1969 யூலை 21 காலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்த செய்தியை முற்றத்தில் கூடி நின்று கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூத்து வேண்டுமென்றால் நாமே ஆட வேண்டும். மாதக்கணக்காய் இரவில் அண்ணாவியாரிடம் பழகி, உடுப்பும் முடியும் ஆயத்தம் செய்து, விடிய விடிய ஆடினோம். கடலுக்குப் போய் வந்த களைப்போடு ஆடினவர்களும் உண்டு. காசு அதிகம் செலவாகவில்லை. நேரமும் உடலும் செலவாயின. அந்தச் செலவே அதை நம்முடையதாக்கிற்று.

ஆகவே நாம் ஏங்க வேண்டியது பிறர் விலை கொடுத்த மலிவுக்காக அன்று. நாமே விலை கொடுத்துப் பெற்ற நன்மைகளுக்காக ஏங்கலாம். அந்த ஏக்கத்தில் பழுதில்லை. அவற்றை இன்றும் திரும்பப் பெறலாம். ஏனெனில் அவற்றின் விலை ஏறவில்லை.

அதே ஆண்டுகளில் திருச்சபை விலை என்ற விடயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. 1967 மார்ச் 26ஆம் திகதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மக்களின் முன்னேற்றம் குறித்த சுற்றுமடலை வெளியிட்டார். வாங்குவோரும் விற்போரும் சமநிலையில் இல்லாதபோது, இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதால் மட்டும் ஒரு விலை நீதியான விலையாகிவிடாது என்பது அதில் அவர் வலியுறுத்திய உண்மைகளுள் ஒன்று. 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் கூலியைப் பற்றிச் சொன்னதை அவர் நாடுகளுக்கிடையிலான வியாபாரத்துக்கும் விரித்துக் கூறினார். ஏழை ஒப்புக்கொள்வது பசியினாலாக இருக்கலாம். சம்மாட்டி சொன்ன பங்குக்கு அந்த அப்பப்பா தலையாட்டியதும் ஒப்புதல்தான். அது நீதியா?

இதை இன்றைக்குப் பொருத்திப் பார்ப்பதே நமக்குப் பயன் தரும். 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது எல்லோரும் துன்புற்றோம். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. கடற்றொழிலாளிக்கு அது வெறும் செய்தியன்று. வள்ளத்தின் இயந்திரமே அதில்தான் ஓடியது. அப்படியிருந்தும் சந்தையில் மீன்காரியிடம் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடுகிறோம். குளிரூட்டிய பெரிய கடையிலோ, ஒட்டிய விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். யாரிடம் குறைத்துக் கேட்கலாம் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. பலவீனமானவரிடம்!

விலை குறைந்தால் மகிழ்வது இயல்பு. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் தாய் நல்ல விலை தேடுவதில் குற்றமில்லை, அது அவளது கடமையுங்கூட. நாம் கேட்பது இவ்வளவே: மலிவு கண்ட இடத்தில், இதற்கான மீதியை யார் கொடுக்கிறார் என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்திலும், தோட்டத்தில் வெங்காயம் கிண்டுபவரின் நாட்கூலியிலும், முச்சக்கர வண்டிக்காரரோடு செய்யும் பேரத்திலும் இந்தக் கேள்வி நிற்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனையில் இதற்கும் ஓர் இடம் கொடுத்தாலென்ன?

முதியோருக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துக் கதையைச் சொல்லுங்கள். பாண் என்ன விலை, படம் என்ன விலை என்று சொல்லும்போது, பேக்கரியில் மாவு பிசைந்தவருக்கு என்ன கிடைத்தது, தேநீர்க் கடைக்கு வெளியே யார் நின்றார், சங்கக்கடை வரிசையில் உங்கள் தாய் என்ன நினைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, எகிப்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படும்.

அந்தத் திண்ணையில் பேச்சு பிறகும் தொடர்ந்தது. அப்பப்பா எப்படிப்பட்டவர் என்று பேத்தி கேட்டாள். "கூத்திலை இராசா வேசம் கட்டினவர், மோனை" என்று சொன்னபோது அந்த மூதாட்டியின் முகம் மலர்ந்தது. மீன் விலையைச் சொன்னபோது அது அப்படி மலரவில்லை.