நோயாளியைப் போர்வீரராக்கலாமா?

2020 மார்ச் 16 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன், நாடு போரில் இருப்பதாகத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்பது நாள் கழித்துப் பிரதமர் மோடி, மகாபாரதப் போர் 18 நாளில் முடிந்ததைச் சொல்லி, கொரோனாவுக்கு எதிரான போருக்கு 21 நாள் கேட்டார். மே 3 அன்று 'கொரோனா வீரர்களுக்கு' மரியாதையாக விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின.

ஜெர்மானிய அதிபர் ஸ்டைன்மயரோ, இது போரல்ல, நம் மனிதத்தன்மைக்கு வந்த சோதனை என்றார்.

போர்ப் பேச்சு ஆட்களையும் பணத்தையும் வேகமாகத் திரட்டும். 1971-இல் நிக்சன் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டு ஆராய்ச்சிக்கு நிதியைக் கூட்டியதும் போரின் பெயரால்தான் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் போர் என்றால் எதிரி வேண்டும். கொரோனா வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. தொற்று வந்த வீடு தெரியும். சென்னையில் அப்படிப்பட்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கொண்டுபோன ஆம்புலன்ஸைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்து நொறுக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவர்தான் மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். பயமும் வதந்தியும் இதற்குப் பெரிய காரணங்கள். ஆனாலும், போராட வேண்டியது நோயோடு, நோயாளியோடு அல்ல என்று அரசே ஒவ்வொரு போன் அழைப்பிலும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

புற்றுநோயில் இந்தப் பேச்சு இன்னும் ஆழமாகக் காயப்படுத்துகிறது. அங்கே வெளியிலிருந்து யாரும் படையெடுப்பதில்லை. உடம்பின் சொந்த செல்களே கட்டுமீறிப் பெருகுகின்றன. 1975-இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக், நோயைச் சுற்றிப் பின்னப்படும் உருவகங்கள் நோயாளியின் தலையில் அவமானத்தையும் பழியையும் ஏற்றுகின்றன என்று 1978-இல் ஒரு நூலே எழுதினார்.

கீமோ வார்டில் இது கண்கூடு. கையில் ஊசியோடு மணிக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்திருப்பவர், வாய்ப்புண்ணால் ஒரு வாய் கஞ்சியைக்கூட விழுங்க முடியாதவர். சாத்துக்குடிப் பையோடு வருகிற உறவினர், "தைரியமா போராடுங்க, ஜெயிச்சிடுவீங்க" என்கிறார். ஆனால் கட்டியின் வகை, அது எந்தக் கட்டத்தில் தெரியவந்தது, மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்பவையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இறந்தபின் 'போராடித் தோற்றார்' என்று எழுதுவது, இன்னும் கொஞ்சம் வீரம் இருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்வதற்குச் சமம்.

எல்லா நோயாளிகளும் இந்தச் சொல்லை வெறுப்பதில்லை. புற்றுநோயாளிகளின் பேச்சை ஆராய்ந்த இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக மொழியியலாளர் எலெனா செமினோவின் குழு, ஒரே போர் உருவகம் சிலருக்குத் தெம்பையும் சிலருக்குக் குற்றவுணர்வையும் தருவதைக் கண்டது. அதனால் பயணம் உள்ளிட்ட பல உருவகங்களைத் தொகுத்து, பிடித்ததை நோயாளியே எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தது.

பார்க்கப் போகிறவர் முதலில் காதுகொடுத்துக் கேட்கலாம். "போராடறேன்" என்று நோயாளியே சொன்னால் அதே சொல்லில் தெம்பூட்டலாம். "போதும், முடியல" என்றால் வீரத்தை நினைவூட்டாமல், வலியைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அவருக்காக மருத்துவரிடம் கேட்க வேண்டும்.