வாடகையும் அறமும்

கொழும்பு கொம்பனித் தெருவில் ஓரறை தேடும் நாம், கேட்ட வாடகையைக் கொடுப்பதோடு கடமை முடிந்ததென எண்ணுகிறோம். முடிந்ததா? நாம் கூடுதலாகக் கொடுக்கும் ரூபாய், அயலறைத் தொழிலாளியின் வாடகையையும் உயர்த்துகிறது. ஈற்றில் அவனை நகருக்கு வெளியே தள்ளுகிறது.

1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்கு வரம்பிட்டது. குடியிருப்போரை நினைத்தவாறு வெளியேற்றுவதைத் தடுத்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், மிகையான வீடுகளைக் குடியிருந்தோரே வாங்க வழிசெய்தது. வீடு முதலில் வாழ்விடம், பின்னரே சொத்து என்பதே இவற்றின் அடிப்படை.

இன்று அங்கே வானளாவிய மாடங்கள் எழுகின்றன. நிலத்தின் பெறுமதி உயர்கிறது. அப்பெறுமதியை ஆக்கியவர் யார்? தலைமுறைகளாக அத்தெருவில் உழைத்து வாழ்ந்தவரும் அல்லவா? அதுவே அவர்களை விரட்டும் கோலாவது எந்த நீதி?

தனிமனித நேர்மை மட்டும் இதனை மாற்றாது. நாம் மறுக்கும் அறையை இன்னொருவர் எடுப்பார். அயலவரோடு ஒன்றுபட்டு வாடகைக் கட்டுப்பாடு கோருவதே நமக்குரிய அறம்.