விலையோடு ஓடாத காசு

கொழும்பில் வேலை செய்யும் அண்ணரின் மகன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "மாமி, காசை பாங்கில விடுறதோ, பவுணாய் மாத்திறதோ? திரும்ப ஒருக்கால் 2022 மாதிரி வந்தால் என்ன செய்யிறது?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு, பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு எந்த நெருக்கடியும் தூசு என்று எங்கள் வீட்டு இளசுகள் நம்புகிறார்கள். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் நிமிர்த்திக் கட்டிய மெல்லிய திரி. இதுதான் விளக்கு. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், காற்றுக்கும் இலேசில் அணையாது. பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தியிருந்துதான் படித்தார்கள். சவுக்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தில் துணி தோய்த்தோம். கொடியில் காய்ந்த சட்டையை மாடு வந்து சப்பிய கதை ஊருக்கு ஊர் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரிக்கும்.

இந்தக் கெட்டித்தனமெல்லாம் 2022இல் பாதிதான் கைகொடுத்தது. தடைக்காலத்தில் பொருள்தான் தட்டுப்பாடு. அரச உத்தியோகத்தருக்கு கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது, யானை விலை குதிரை விலை என்றாலும் அவர்கள் வீட்டில் ஏதோ வெந்தது. வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர்தான் விளைந்ததைத் தெற்குக்கு அனுப்ப வழியில்லாமல் தவித்தார்கள். 2022இல் எல்லாம் தலைகீழ். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே நடுவில் 360ஐத் தொட்டது. நிலையான வைப்பில் பத்து லட்சம் வைத்திருந்தவருக்குப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் 5,000 டொலர் பெறுமதியாக இருந்தது 2,800க்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்து, பருப்பு, எரிபொருள் எல்லாம் டொலரில் வருகிற நாட்டில் இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட வந்தது, உணவுப் பொருட்களில் 95 வீதத்துக்குக் கிட்ட.

அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் யார் தலை நிமிர்ந்து நின்றார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். முன்வீட்டில் சட்டை தைக்கிற பிள்ளை, "அக்கா, நூல் விலை ஏறிட்டுது, இனிப் பழைய விலைக்குக் கட்டாது" என்று ஒரு வாய் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து கூலி கூடியது. சிலர் சட்டை தைப்பதைக் குறைத்தார்கள், ஆனால் பழையதைப் பிரித்துத் தைக்க அவளிடம்தான் போனார்கள். ஓய்வூதியக்காரியான நான் இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் கைக்கு வருகிற தொகையை எங்கோ இருக்கும் ஒருவர் தீர்மானிக்கிறார், அவருக்கு அவசரம் இல்லை.

ஆயத்தம் என்றதும் எல்லோரும் அரிசி மூட்டையையும் மெழுகுதிரியையும் நினைக்கிறார்கள். ஒரு மாதச் சாமான் வீட்டில் இருப்பது நல்லதுதான், அதற்கு மேல் போனால் வண்டுக்குத்தான் சாப்பாடு. நான் முதலில் பார்க்கச் சொல்வது வருமானத்தை. வீட்டுக்குள் வரும் காசில் எது விலையோடு சேர்ந்து ஏறும், எது நின்ற இடத்திலேயே நிற்கும்? மாதச் சம்பளம், ஓய்வூதியம், வைப்புப் பணம் மூன்றுமே நிற்பவை. இவை மூன்றை மட்டும் வைத்திருக்கும் வீடு, பார்வைக்கு எவ்வளவு பத்திரமாகத் தெரிந்தாலும், ஒற்றைக் காலில் நிற்கிறது. ஆளுக்கு ஒரு கைத்தொழில், வாரத்தில் ஒரு நாள் செய்கிற சின்ன வியாபாரம், பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி, விலையை நாமே சொல்லக்கூடிய ஒன்று வேண்டும்.

காணி இருந்தால் போதும் என்பவர்கள் 2021ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதி நின்றது. காணியும் கிணறும் இருந்தவர்களே விதைப்பதா விடுவதா என்று நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றது அரசாங்கம். வெள்ளிக்கிழமையில் மட்டும் வளரும் கீரை எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடலை நம்பியவர்களுக்கும் அடி விழுந்தது. ஆகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது, பிடிக்கிற மீன் எண்ணெய்க் காசுக்குக் காணாது என்று எத்தனையோ வள்ளங்கள் கரையில் கிடந்தன.

பவுண் உதவும். ஆனால் விற்காமல் பொறுத்திருக்க வசதியுள்ளவருக்குத்தான் முழுதாக உதவும். அடகு வைத்தவர்களில் வட்டி கட்ட முடியாமல் மூழ்கவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். வெளியே அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு. கனடாவிலும் லண்டனிலும் ஆட்கள் உள்ள வீடுகளை ரூபாயின் வீழ்ச்சி அவ்வளவாகச் சுடவில்லை. மாதம் 100 டொலர் வந்த வீட்டில் 20,000 ரூபாய் 36,000 ஆனது. போருக்குத் தப்பி ஓடிய பிள்ளைகள், அப்போது யாரும் நினைத்தே பார்க்காத விதத்தில், முப்பது வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு ஆயத்தமாகிவிட்டார்கள். இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். கடன் இருந்தால் முதலில் அடை, குறிப்பாக வட்டி மாறுகிற கடனை, என்றும் சொன்னேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி கூட்டியதை அவன் மறந்திருக்க மாட்டான். அவனுக்குத் தெரிவு செய்ய இடம் இருக்கிறது, அதனால் அறிவுரையும் பொருந்துகிறது.

மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன அறிவுரை சொல்வது? 2021இல் போராடிப் பெற்ற 1,000 ரூபாய் நாட்சம்பளம், அரிசியும் மாவும் மடங்காக ஏறிய 2022இலும் அதே 1,000தான். 2024 வரை அசையவில்லை. இத்தனைக்கும், முதுமைக்குச் சேமியுங்கள் என்று நாங்கள் சொல்வதை அவர்கள் வேலையில் சேர்ந்த நாள் முதல் செய்கிறார்கள். சம்பளத்தில் 8 வீதம், தோட்ட நிர்வாகத்தின் பங்கு 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளில் அரசாங்கம் கைவைக்கவில்லை. இந்த நிதியின் முறிகளில் கைவைத்தது.