யாருக்குத் துரோகி?

ஒருவர்மேல் குற்றஞ்சாட்டுவது வேறு, அவருக்குப் பட்டஞ்சூட்டுவது வேறு. யாழ்ப்பாண அரசியலில் இந்த வேறுபாட்டை அழித்த சொல் ‘துரோகி’. சமய வழக்கில் துரோகம் தனியாக வருவது குறைவு. குருத்துரோகம், சிவத்துரோகம், மித்திரத்துரோகம் என்று தீங்குக்கு ஆளானவரை முன்னால் நிறுத்திக்கொண்டே வரும். யாருக்கு என்று சொன்னால் என்ன செய்தான் என்ற கேள்வி தானாக எழும். மறுக்கவும் இடமுண்டு, பிராயச்சித்தம் தேடவும் இடமுண்டு. அரசியல் மேடை அந்த முன்பாதியை வெட்டிவிட்டது. ‘இனத்துரோகி’ என்பதில் இனம் நிற்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். குருவோ நண்பனோ சபைக்கு வந்து ‘ஓம், எனக்குத் தீங்கு செய்தான்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடியும். இனம் அப்படி வராது. அதன் பெயரில் பேசத் துணிந்தவரே முறைப்பாட்டுக்காரர், அவரே சாட்சி, அவரே நீதவான்.

யாழ்ப்பாண மேயராயிருந்த அல்பிரட் துரையப்பாவை எடுத்துக்கொள்வோம். 1974 ஜனவரி 10, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை ஒட்டிய இறுதிநாள் கூட்டத்தைப் பொலிசார் கலைத்தபோது ஒன்பது பேர் இறந்தனர். அதில் மேயருக்கும் பங்குண்டு என்று ஊர் பேசியது. இது விசாரிக்கக்கூடிய குற்றச்சாட்டு: மேயர் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார்? விசாரிக்க ஆளில்லாத ஊருமல்ல; ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சர் தலைமையிலான குடிமக்கள் குழு அதே சம்பவத்தை விசாரித்துப் பொலிசாரைக் குற்றங்கண்டது. ஆனால் துரோகி என்றான பிறகு துரையப்பாவிடம் கேட்க எவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. 1975 ஜூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்தில் சுட்டுக்கொன்றார்கள். அவரைத் துரோகி என்று மேடைகளில் முழங்கியவர்களில் முதன்மையானவர் தமிழ் அரசியல் தலைவர் அமிர்தலிங்கம். 1989 ஜூலை 13, அதே பட்டத்தோடு கொழும்பில் அவரும் கொல்லப்பட்டார். வரையறை இல்லாத சொல்லுக்குச் சொந்தக்காரர் கிடையாது.

காட்டிக்கொடுத்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், அவர்களால் பிள்ளைகள் செத்தார்கள், அவர்களை வேறென்னவென்று அழைப்பது என்பது கனமான கேள்வி. இராணுவச் சுற்றிவளைப்புகளில் முகமூடிக்குள்ளிருந்த தலையாட்டி ஒருமுறை தலையசைத்தால் வரிசையில் நின்றவன் காணாமற்போன காலத்தை எவரும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தலையசைப்பின் கொடுமை எதில் இருந்தது? என்ன குற்றம் என்று சொல்லாததில், சொல்பவரின் முகம் தெரியாததில். 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டமும் வழக்குத் தொடராமலே ஒருவரைப் பதினெட்டு மாதம்வரை அடைத்துவைக்க இடங்கொடுத்தது. நாம் அரசிடம் கண்டு கொதித்த அதே குறை, இயக்கங்கள் துரோகி என்று கொன்று மின்கம்பத்தில் கட்டிய உடலின் மேல் தொங்கிய மட்டையிலும் இருந்தது. இன்ன நாளில் இன்னாரைக் காட்டிக்கொடுத்தான் என்று சொன்னால் அது சரிபிழை பார்க்கக்கூடிய கூற்று. துரோகி என்பதை எந்தச் சாட்சியத்தாலும் பொய்யாக்க முடியாது.

போர்க்காலத்தில் நீதிமன்றத்துக்கு எங்கே அவகாசம் என்பார்கள். சண்டைக்களத்துக்கு அது பொருந்தலாம். 1989 செப்டெம்பர் 21, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிய மருத்துவ விரிவுரையாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திராணகமவைச் சுடுவதில் என்ன அவசரம்? அமைப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் புலிகள் தங்கள் பகுதியில் காவல்துறையையும் நீதிமன்றங்களையும் நடத்தினார்கள். காணிப் பிணக்குகள் அங்கே தீர்க்கப்பட்டன. அதே ஆண்டுகளில் அவர்களின் பிரதித் தலைவராயிருந்த மாத்தையாமீது துரோகக் குற்றம் விழுந்து 1994இல் அவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கு மட்டும் அந்த நீதிமன்றங்களின் வாசலுக்கு வரவேயில்லை.